ஆறாவது கிலோமீட்டர்

ஏப்ரல் 7, திங்கள்

மேகத்தின் மேல் நடக்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்கிறாள். நான் எந்த மேகத்தின் மேல் நடந்தேன், ஒப்பிட்டுச் சொல்ல?

கேட்டவள் ஃபர்ஹானா. எங்கள் ஷூ கம்பெனியில் புது சோல்களைச் செய்து பார்க்கும் லேபுக்கு அவள்தான் பொறுப்பு. ஆம்பூர்க்காரி, சென்னையில் படித்தவள், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். சாம்பிள் ஷூவைப் போட்டுக்கொண்டு வெயிலில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து நிற்கிறேன். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு மேகம், பஞ்சு, இறகு என்று மூன்று கட்டம் போட்ட தாளை நீட்டுகிறாள்.

"ஷூ மாதிரி இருக்கு மேடம்" என்றேன்.

"அக்கா, ப்ளீஸ்" என்றாள்.

இறகில் டிக் அடித்தேன். ஒழியட்டும்.

அந்தத் தாளில் நான் சொல்ல நினைப்பதை எழுத இடமே இல்லை. அதனால்தான் இந்த டைரி. டயர் கடையில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. இவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். டைரியில் எழுத அவருக்கு என்ன இருக்கிறது? மூன்று மாதமாக டிவி மேல் கிடந்தது.

ஏப்ரல் 9, புதன்

பதினோராவது சாம்பிள் வந்தது. ஒரு ஷூவின் எடை நூற்றுத் தொண்ணூறு கிராம். கையில் எடுத்தால் வெறும் டப்பாவைத் தூக்கின மாதிரி இருக்கிறது. குதிகாலுக்குக் கீழே சோல் மட்டும் இரண்டு விரல் கனம்.

"ஃபோமுக்குள்ள நைட்ரஜன் வாயுவ அழுத்தி ஏத்தி, அப்புறம் ஒரேயடியா திறந்து விடறோம்க்கா. உள்ள லட்சக்கணக்கான குட்டிக் குமிழி. கால வெச்சா அமுங்கும், எடுத்தா திருப்பித் தள்ளும்" என்று ஃபர்ஹானா விளக்கினாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் பளபளத்தது. குழந்தை பெற்றவள்கூட இப்படிப் பூரிக்க மாட்டாள்.

"இட்லி மாதிரியா மேடம்?"

"இட்லி மாதிரிதான்!"

"ஆறுனா இட்லி கல்லாயிடுமே?"

முகம் சுருங்கிவிட்டது. பாவமாக இருந்தது. ஆனால் நான் கேட்டதில் தப்பென்ன?

முதல் ஐந்து கிலோமீட்டர் உண்மையாகவே பறந்தேன். என்னோடு சாம்பிள் போட்டு ஓடும் டில்லிபாபு பின்னாலிருந்து, "அக்கா, மெதுவா" என்று கத்துகிறான். இதை ஃபர்ஹானாவிடம் சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வாள். சொல்லவில்லை.

ஏப்ரல் 12, சனி

ஆறாவது கிலோமீட்டரில், பெட்ரோல் பங்க் அருகே, இடது சோல் உள்பக்கமாகச் சாய்கிறது. சொன்னேன். மிஷின் அப்படிச் சொல்லவில்லையாம்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. லீவு. வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி. நின்றுகொண்டே சமைக்க வேண்டியிருந்தது. பாதி நேரம் ஒற்றைக் காலில் நின்றேன்.

"கொக்கு மாதிரி இன்னாத்துக்கு நிக்கற?" என்றார் இவர்.

"வேண்டுதல்" என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று மிஷினைக் காட்டினாள். இரும்பில் ஒரு பாதம். அது சோலின் மேல் தொம் தொம்மென்று விழுகிறது. ஒரு லட்சம் தடவை விழுந்தாலும் சோல் அரை மில்லிமீட்டர்கூட இறங்கவில்லையாம். கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு.

"பாருங்கக்கா. ஆறாவது கிலோமீட்டர்ல சாய்றதுக்கு வாய்ப்பே இல்ல."

"அந்த இரும்புக் காலு பெட்ரோல் பங்க் வரைக்கும் வந்துச்சா மேடம்?"

"அக்கா, அது ஓடாது. ஓடற விசைய அது போடும்."

"அப்ப அதுங்கிட்டயே கேட்டுக்குங்க, மேகமா பஞ்சான்னு."

அறையில் இருந்த மற்ற இரண்டு பையன்கள் சிரித்தார்கள். ஃபர்ஹானா சிரிக்கவில்லை. எனக்கும் வெளியே வந்தபின் சிரிப்பு வரவில்லை. அறை அவ்வளவு குளிர்ச்சி, வாசலைத் தாண்டியதும் முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது.

விடியற்காலையில் ஓட விட்டால் என்ன என்று பிப்ரவரியிலேயே கேட்டுப் பார்த்துவிட்டோம். டியூட்டி நேரத்துக்கு வெளியே ஓடி ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்கிறார் மேனேஜர் வரதராஜுலு. அதனால் ஒன்பதரைக்குத்தான் கிளம்ப வேண்டும். சிப்காட் சாலையில் ஒரு மரமாவது இருக்கிறதா? லாரிக்காரன்கள் எல்லாருக்கும் இப்போது என்னைத் தெரியும். ஹாரன் அடித்துக் கையாட்டுகிறான்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தாளின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. வலி: உண்டு, இல்லை. 

நாங்கள் முதலில் ஐந்து பேர். பிப்ரவரியில், யாருக்காவது விளையாட்டில் பழக்கம் உண்டா என்று கம்பெனியில் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆயிரத்தைந்நூறு மீட்டரில் மாவட்டம் வரை போனவள் நான். கையைத் தூக்கினேன். செக்யூரிட்டியில் இருந்து டில்லிபாபு, பேக்கிங்கில் இருந்து இரண்டு பெண்கள், மூன்றாவது தையல் லைனில் இருந்து மோகனா. மார்ச் மாதம் ஒருநாள் மோகனா 'உண்டு' என்று டிக் அடித்தாள். உண்மையைத்தான் எழுதினாள். மறுநாள் காலை அவளுடைய பெயரை அடித்துவிட்டு, மூன்றாவது லைனுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்.

பதினோரு வருஷம் தையல் மிஷினில் குனிந்து உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் காதுக்குள் கத்துவான். இங்கே யாரும் கத்துவதில்லை. அது ஒன்றுதான் இந்த வேலையில் வசதி. வேறொன்றும் இல்லை.

'இல்லை' என்று டிக் அடித்தேன்.

கம்பெனி பஸ்ஸின் படியை யாரோ உயர்த்திவிட்டார்கள். டிரைவரிடம் கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.

ஏப்ரல் 28, திங்கள்

இவருக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுகிறார். பதினேழு வருஷத்தில் ஒரு குடம் தூக்காத மனிதர். மேல் பரணில் இருந்த பருப்பு டின்னை எடுத்து அடுப்படியிலேயே வைத்திருக்கிறார். எதையும் வைத்த இடத்தில் வைக்க விடமாட்டாரா?

இன்று ஒரு தைலப் பாட்டில் வேறு.

"யாருக்கு?"

"எனக்குத்தான். கிளட்ச் மிதிச்சி மிதிச்சிக் காலு வலி."

பாட்டில் என் தலைமாட்டில் இருக்கிறது. தைல நாற்றத்தில் தூக்கம் வருமா?

மே 2, வெள்ளி

குதிகாலுக்கு மேலே, உள்பக்கம். வெந்நீரில் உப்புப் போட்டு அரை மணி நேரம் வைத்தேன். களைப்புத்தான்.

மே 6, செவ்வாய்

கத்திரி தொடங்கிவிட்டது. தார் உருகி ஷூவில் ஒட்டுகிறது.

பெட்ரோல் பங்க் திருப்பத்தில் இடது சோல் மொத்தமாக உள்ளே போனது. கால் மடங்கி, அப்படியே சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சோலை விரலால் அழுத்திப் பார்த்தேன். காலையில் ரப்பர் பந்து மாதிரி இருந்தது, இப்போது ஊறின ரொட்டி மாதிரி குழைகிறது. உள்பக்கம்தான் ரொம்ப. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார்.

"இன்னாம்மா, தினம் ஓடறியே, யாராச்சும் துரத்தறாங்களா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மீதி ஆறு கிலோமீட்டரையும் முடித்துவிட்டுத்தான் போனேன்.

"ஏன் லேட்?" என்றாள் ஃபர்ஹானா. கல் தடுக்கியது என்றேன். வலிக் கட்டத்தில் டிக்: இல்லை.

மே 9, வெள்ளி

வரதராஜுலு எல்லாரையும் கூப்பிட்டு லட்டு கொடுத்தார். இருபதாம் தேதி வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் வருகிறார்களாம். பதினோராவது சாம்பிளுக்குக் கையெழுத்து ஆகிவிடும், முதல் தவணையே நாற்பதாயிரம் ஜோடி.

"நாலு பேரும் இத போட்டு ஒரு மாசம் ஓடியிருக்காங்க. ஒருத்தருக்குக்கூட வலி இல்ல. இதவிட என்ன சர்டிபிகேட் வேணும்?" என்றார்.

பாதி லட்டைத் தாளில் மடித்தேன். ஃபர்ஹானாவின் பின்னாலேயே லேபுக்குப் போனேன்.

"மேடம், அந்த சோல் சாயுது. நான் ஒரு மாசமா சொல்றேன்."

அவள் அலமாரியைத் திறந்து என் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் போட்டாள்.

"அக்கா, வாயால சாயுதுன்னு சொல்றீங்க. தாள்ல எல்லாம் சரின்னு டிக் அடிக்கறீங்க. மிஷினும் சரின்னுது. நான் எத நம்பறது? நீங்களே சொல்லுங்க."

 எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

முப்பத்தாறு வயது. ஒருவேளை சோல் சரியாகத்தான் இருக்கிறதோ என்னவோ. கால்தான் பழசோ.

மே 12, திங்கள்

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் டில்லிபாபு சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதற்குள்ளே கட்டுத்துணி சுற்றியிருக்கிறது. இடது கால். குதிகாலுக்கு மேலே, உள்பக்கம்.

என்னைப் பார்த்ததும் சாக்ஸை இழுத்து மூடினான்.

"அக்கா, யாராண்டயும் சொல்லிடாத. போலீஸ் செலக்‌ஷன் ஜூன்ல. இங்க ஓடறதுதான் எனக்கு பிராக்டிஸ். வலின்னு எழுதினா கேட்ல நிக்க வெச்சிடுவாங்க."

"எப்பலேர்ந்து?"

"ஏப்ரல் நடுவுலேர்ந்து. உனக்கு?"

"எனக்கு இன்னா? எனக்கு ஒண்ணுமில்ல."

"அக்கா, நீ படி எறங்கறதப் பாத்தாலே தெரியுது. பக்கவாட்டுல எறங்கற, நண்டு மாதிரி."

மத்தியானம் கேன்டீனில் பேக்கிங் பெண்கள் இரண்டு பேரையும் பிடித்துக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம் ஒருத்தி மேஜைக்கடியில் காலை நீட்டிக் காட்டினாள். அதே இடம்.

கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சந்தோஷமாக இருந்தது. என் கால் பழசில்லை.

மே 13, செவ்வாய்

இன்று லேபில் நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

டில்லிபாபுவையும் அந்த இரண்டு பேரையும் நேற்றே கேட்டுவிட்டேன். உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று. பெண்கள் தயங்கித் தயங்கித் தலையாட்டினார்கள். டில்லிபாபு, "நீ சொல்றதுன்னா சொல்லுக்கா" என்றான். காலையில் ஓடப் போகாமல் நேராக ஃபர்ஹானாவிடம் போனேன்.

"மேடம், நாலு பேருக்கும் வலி கீது. ஒரே காலு, ஒரே எடம்."

கண்ணாடியைக் கழற்றினாள். "எப்பலேர்ந்து?"

தேதி வேண்டுமே. பையிலிருந்து இந்த டைரியை எடுத்தேன். படிக்க ஆரம்பித்தபிறகுதான் உறைத்தது, இதில் அவளைப் பற்றி என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் என்று. ஒரு வரி படிப்பேன், இரண்டு வரி முழுங்குவேன். ஏப்ரல் பன்னிரண்டு, சோல் சாய்ந்தது. பதினாலு, ஒற்றைக் காலில் நின்றேன். இருபத்திரண்டு, பஸ் படி. மே இரண்டு, வெந்நீர். மே ஆறு, விழுந்தது.

"நடுவுல என்ன விடறீங்க?"

"அது வீட்டு விஷயம் மேடம்."

அவள் தேதிகளைக் குறித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் பேனாவைத் தூக்கிப் போட்டாள். அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததில்லை.

"நாலு பேரும் சேர்ந்து எங்கிட்ட ஒரு மாசம் பொய் எழுதிக் குடுத்திருக்கீங்க! நாற்பதாயிரம் பேர் கால்ல போட இருந்தேன்க்கா இத. உங்கள நம்பி!"

"உண்மை எழுதின மோகனா எங்க கீறா மேடம்?"

"யாரு?"

"மோகனா. மார்ச்ல வலின்னு எழுதினாளே. மூணாவது லைன்ல கீறா. போய்ப் பாருங்க. வலிக்குதுன்னு எழுதினா வேலைய மாத்துவீங்க, வலிக்கலன்னு எழுதினா லட்டு குடுப்பீங்க. நாங்க இன்னா எழுதுவோம்?"

 மோகனாவை மாற்றியது அவளுக்குத் தெரியவே தெரியாது என்று முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. காயத்தோடு ஓடவிடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். நல்லதுக்குப் போட்ட விதிதானாம்.

குறித்த தேதிகளைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆறாவது கிலோமீட்டர்ல மட்டும் ஏன்?"

"அதுக்குள்ள சூடாயிடுதே மேடம். தொட்டுப் பாருங்க. தோசைக் கல்லு."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். மிஷின் இருக்கும் அறையில் எப்போதும் இருபத்து மூன்று டிகிரிதான். அதுதான் உலகம் முழுக்க முறையாம்.

மே 15, வியாழன்

இரண்டு நாளாக சோலைச் சுட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதல் தடவை அடுப்பில் ஐம்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தாள். அதை மிஷினில் மாட்டி, திருகு முடுக்கி, கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் ஆறிவிட்டது. பச்சைக் கோடு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இரும்புக் காலைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அப்புறம் ஒரு யோசனை சொன்னேன். ஃபினிஷிங் பிரிவில் தோல் சுருக்கம் எடுக்கச் சூடு காற்றடிக்கும் கருவி வைத்திருப்பார்கள். அதை வாங்கி வந்தோம். மிஷினைச் சுற்றி ஷூ அனுப்பும் அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, ஓட்டை போட்டு, உள்ளே சூடு காற்றை விட்டோம். படித்தவள் செய்கிற வேலையா அது? முக்காடு வியர்வையில் நனைந்து, கையெல்லாம் டேப். பார்க்கக் கண்றாவியாக இருந்தது.

நாலாயிரம் தடவை விழுவதற்குள் கோடு சிவப்புக்குப் போனது. உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஆறு மில்லிமீட்டர் அதிகமாக இறங்கிவிட்டது. அழகுக்காக உள்பக்கம் கொஞ்சம் குடைந்திருக்கிறார்கள், அதுதான் காரணம் என்றாள்.

"அக்கா!" என்று என் கையைப் பிடித்துக் குதித்தாள். தன் சோல் தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். நானும் குதிக்கப் போய், ஐயோ.

உட்கார வைத்தாள். ஷூவைக் கழற்றிக் காலைப் பார்த்தாள். 

மே 20, செவ்வாய்

வந்தவர்களிடம் ஃபர்ஹானாவே அட்டைப்பெட்டியோடு மிஷினைக் காட்டிவிட்டாள். காட்ட வேண்டாம் என்று வரதராஜுலு காலையிலிருந்து பின்னாலேயே சுற்றினார். கையெழுத்து ஆகவில்லை. மாற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், ஆகஸ்டுக்குள்.

மே 23, வெள்ளி

வரதராஜுலு கூப்பிட்டனுப்பினார்.

"பொய்யா எழுதினதுக்கு வேற கம்பெனியா இருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பான். நான் லைனுக்குத்தான் அனுப்பறேன்."

"சரிங்க சார்."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லியா?"

"லட்டு நல்லா இருந்துச்சு சார்."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் இவர் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். நான் கேட்கவே இல்லை, டோக்கன் போட்டு வைத்திருக்கிறார். தசைநார் வீங்கியிருக்கிறதாம். ஆறு வாரம் ஓடக் கூடாது. எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். "ஒரு வாரம்" என்றேன். "நாப்பது நாளு சார்" என்றார் இவர், பின்னாலிருந்து. தைலம் இவருக்கு இல்லையாம்.

ஜூன் 3, செவ்வாய்

தையல் லைன். குனிந்தபடி எட்டு மணி நேரம். காதுக்குள் கத்தல். பக்கத்து மிஷினில் மோகனா.  மத்தியானம் அவளுடைய ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள்.

ஜூன் 19, வியாழன்

டில்லிபாபு செலக்‌ஷனில் தோற்றுவிட்டான். ஆயிரத்தைந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்தில் முடிக்க வேண்டும். பதினோரு விநாடி அதிகம். மூன்று வாரம் காலுக்கு ஓய்வு கொடுத்தும் போதவில்லை.

"அடுத்த தடவ பாத்துக்கலாம்க்கா. வயசு கீது" என்று சிரிக்கிறான். கேட்டில் நின்றுகொண்டு எனக்கு சல்யூட் வேறு அடிக்கிறான்.

ஏப்ரலில் நான் வாயைத் திறந்திருந்தால்? திரும்பத் திரும்ப அதையே யோசித்து இரண்டு ஷூவுக்குத் தையல் கோணலாகப் போய்விட்டது. சூப்பர்வைசர் கத்தினான். கத்தட்டும்.

ஜூலை 4, வெள்ளி

ஃபர்ஹானா வீட்டுக்கே வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல். துவைக்காத துணி எல்லாம் நாற்காலியில். இவர் லுங்கியோடு ஓடி உள்ளே ஒளிந்தார்.

பெட்டியைத் திறந்தாள். பதினான்காவது சாம்பிள். உள்பக்கக் குடைவு இல்லை. அதே நைட்ரஜன் ஃபோம்தான், ஆனால் உள்பக்கத்தில் சூட்டுக்குக் குழையாத கொஞ்சம் கெட்டியான ஃபோமை ஒரு பட்டையாக வைத்திருக்கிறார்கள். அடி அகலம். இருபது கிராம் எடை கூடிவிட்டது என்று அதற்கு ஒரு வருத்தம் அவளுக்கு.

"டெஸ்ட் இல்லக்கா. உங்களுக்கு. தாள் எல்லாம் கிடையாது."

"வரதராஜுலு சாருக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. இப்ப ஓடறவங்களுக்கு வலி வந்தா, சம்பளத்தோட ஓய்வு, குணமானதும் திரும்ப இதே வேலைன்னு எழுதிக் கேட்டிருக்கேன். அவர் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் எல்லாத்தையும் சொல்றேன்."

"போட மாட்டாரு."

"போடற வரைக்கும் கேப்பேன்."

டீ குடித்தாள். சர்க்கரை போதவில்லை என்று தெரிந்தது, கேட்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "அந்த டைரில என்னப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?" என்றாள்.

"நல்லதாதான் மேடம்."

"பொய்" என்றாள். இருட்டுவதற்குள் ஆம்பூர் போய்ச் சேர வேண்டும் என்று ஓடினாள்.

ஜூலை 6, ஞாயிறு

டாக்டர் சொன்ன ஆறு வாரம் முடிந்துவிட்டது. மூன்று கிலோமீட்டர், மெதுவாக என்று சொல்லியிருக்கிறார். ஐந்தே முக்காலுக்கு ஏரிக்கரைக்குப் போனேன். காற்று குளிர்ந்திருந்தது. சோல் அமுங்கி எழுந்தது. எங்கேயும் சாயவில்லை. லாரி இல்லை, ஹாரன் இல்லை. ஒரு கிலோமீட்டர் போனபின் நான் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடுகிறேன் என்று தெரிந்து நிறுத்தினேன். பாட்டைத்தான்.

இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் உள்பக்கம் சுருக்கென்றது. சோலில் குறையில்லை. கால் இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான். மதகு கண்ணுக்குத் தெரிகிறது, அங்கே போனால் மூன்று முடிந்துவிடும். பல்லைக் கடித்தால் ஆறு நிமிஷம். இதைவிட மோசமான காலோடு நான் பத்து ஓடியிருக்கிறேன்.

நின்றேன். நடுவழியில் நின்றது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இவருக்கு போன் போட்டேன்.

கால் மணி நேரம் கழித்து ஆட்டோ வந்தது, சவாரியோடு. மார்க்கெட்டுக்குப் போகிற கீரைக்கார அம்மா ஒருத்தி, மூன்று மூட்டை முளைக்கீரை. பொண்டாட்டியை அழைத்துப் போக வருகிறவர் சவாரியை இறக்கிவிட்டு வர மாட்டாரா? அந்த அம்மா மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"காலு வலிக்குதும்மா" என்றேன்.

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.  மார்க்கெட் பக்கம் திரும்பாமல் நேராக வீட்டுப் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோவைக் கிட்டத்தட்ட நிறுத்தி, பூ மாதிரி இறக்கினார். கீரை வாடிப்போகுது, வியாபாரம் போச்சு, இவன் எல்லாம் ஒரு டிரைவரா என்று அந்த அம்மா வீடு வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.